வீட்டு மீடியா சர்வரை வெளியூரில் இருந்து பார்க்கணுமா? ரவுட்டரில் கதவைத் திறக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் அமெரிக்க நிறுவனம் லாஸ்ட்பாஸ். 2022-ம் ஆண்டு அந்த நிறுவனத்திலேயே திருட்டு நடந்தது. வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டகங்களின் பேக்கப் நகலை ஹேக்கர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த பேக்கப்பைத் திறக்கும் சாவி நிறுவனத்தில் 4 இன்ஜினீயர்களிடம் மட்டுமே இருந்தது. ஹேக்கர்கள் குறிவைத்தது அதில் ஒருவரின் வீட்டு கம்ப்யூட்டரை.

அந்த கம்ப்யூட்டரில் படம், சீரியல் பார்ப்பதற்காக ப்ளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருள் இருந்தது. அதில் இருந்த பழைய ஓட்டை ஒன்றின் வழியாக, கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் உளவு மென்பொருள் உள்ளே இறக்கப்பட்டது. அவர் அலுவலக பாஸ்வேர்டைத் தட்டினார். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த ஓட்டைக்கான திருத்தத்தை ப்ளெக்ஸ் நிறுவனம் 2020 மே மாதமே வெளியிட்டுவிட்டது. அதற்குப் பிறகு சுமார் 75 புதிய பதிப்புகள் வந்துவிட்டன என்று அந்த நிறுவனமே பின்னர் சொன்னது. அந்த இன்ஜினீயர் ஒரு முறைகூட அப்டேட் செய்யவில்லை.

இது ஏதோ பெரிய கம்பெனி கதை என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் பழைய லேப்டாப்பையோ, ராஸ்பெர்ரி பையையோ, நாஸ் பெட்டியையோ சர்வராக மாற்றி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். அதை வெளியூரில் இருந்தும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும்போது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மீடியா சர்வர் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், நம்ம வீட்டுக்கென்று ஒரு சொந்த ஓடிடி. ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் கல்யாண வீடியோ, குழந்தைகளின் பிறந்தநாள் வீடியோ, காசு கொடுத்து வாங்கிய டிவிடிகளில் இருந்து எடுத்து வைத்த படங்கள், பாட்டு எல்லாவற்றையும் போஸ்டர், பெயர், ஆண்டு சகிதம் அடுக்கி, வீட்டில் உள்ள டிவியிலும் மொபைலிலும் ஓட்டிக் காட்டும். ப்ளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் ஆகிய மூன்றும் இதில் பிரபலமானவை. எம்பியில் இருந்து 2018 டிசம்பரில் பிரிந்து வந்த ஜெல்லிஃபின் முழுக்க முழுக்க இலவசம்.

ஒரே வைஃபையில் இருக்கும் வரை பிரச்னை இல்லை. வேலைக்காக வேறு ஊருக்குப் போன மகன், சிங்கப்பூரில் இருக்கும் மகள், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி என்று வீட்டுக்கு வெளியே இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்று வரும்போதுதான் கேள்வி எழுகிறது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

ப்ளெக்ஸில் வெளியூரில் இருந்து சொந்த வீடியோவைப் பார்ப்பது பல ஆண்டுகள் இலவசமாக இருந்தது. 2025 ஏப்ரல் 29 முதல் அதற்குக் கட்டணச் சந்தா கட்டாயமானது. உடனே பலரின் பார்வை இலவசமான ஜெல்லிஃபின் பக்கம் திரும்பியது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ப்ளெக்ஸில் நடுவில் நிறுவனத்தின் சர்வர் உட்கார்ந்துகொண்டு லாகின், பாதுகாப்புச் சான்றிதழ் போன்ற வேலைகளைக் கவனித்துக்கொள்ளும். ஜெல்லிஃபினில் நடுவில் யாரும் கிடையாது. தனியுரிமைக்கு அது நல்லது. ஆனால் வெளியில் இருந்து உள்ளே வரும் பாதையை நாமே போட வேண்டும். அங்கேதான் பலர் யூடியூபில் கண்ட முதல் வீடியோவைப் பார்த்து, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்துவிடுகிறார்கள்.

போர்ட் ஃபார்வர்டிங்கில் என்ன ஆபத்து?

வீட்டு ரவுட்டர் ஒரு காவல்காரர் மாதிரி. நாம் கேட்ட தகவலை மட்டும் உள்ளே விடும். கேட்காமல் வருவதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்தக் காவல்காரரிடம், '8096 என்ற எண்ணைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நேராக சர்வருக்கு அனுப்பு' என்று சொல்லி வைப்பது. 8096 ஜெல்லிஃபினின் வழக்கமான எண். ப்ளெக்ஸுக்கு 32400.

'யார் வந்தாலும்' என்பதில் உங்கள் மகளும் அடக்கம், முன்பின் தெரியாத ஹேக்கரும் அடக்கம்.

என் வீட்டு ஐபி முகவரி யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைக்கலாம். யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை. உலகத்தில் உள்ள ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் ரோபோ மென்பொருள்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்படித் திறந்து கிடக்கும் கேமரா, சர்வர், நாஸ் பெட்டிகளைப் பட்டியல் போட்டுத் தேடித் தரும் ஷோடான் போன்ற தேடுபொறிகளே இருக்கின்றன. கதவைத் திறந்தால் கொஞ்ச நேரத்திலேயே யாரோ தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

தட்டுவது மட்டுமா? 2023 மே மாதம் எம்பி பயனர்களுக்கு நடந்ததைப் பார்க்கலாம். 'நான் வீட்டுக்குள் இருந்துதான் பேசுகிறேன்' என்று பொய்யான குறிப்பு ஒன்றை அனுப்பினால் சர்வர் அதை நம்பிவிடும் ஓட்டை அதில் இருந்தது. வீட்டுக்குள்தானே என்று பலர் அட்மின் கணக்குக்கு பாஸ்வேர்டே வைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது ஹேக்கர்கள் பாஸ்வேர்டு இல்லாமலேயே அட்மினாக நுழைந்து, லாகின் விவரங்களைத் திருடும் பிளக்இன்னைப் பொருத்திவிட்டார்கள். கடைசியில் எம்பி நிறுவனமே ஓர் அப்டேட்டை அனுப்பி, பாதிக்கப்பட்ட வீட்டு சர்வர்களைத் தூரத்தில் இருந்தே அணைத்துவிட்டது.

நாஸ் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அதைவிட மோசமான அனுபவம். 2022 ஜனவரியில் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் தாக்கியது. உள்ளே இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. அடுத்த மாதமே அசுஸ்டார் பெட்டிகளுக்கும் இதே கதி. அப்போது கியூநாப் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள், யூபிஎன்பியை அணையுங்கள் என்பதுதான்.

யூபிஎன்பி என்பது, வீட்டில் உள்ள கருவிகள் நம்மைக் கேட்காமலேயே ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துகொள்ளும் வசதி. கேம் விளையாடுபவர்களுக்குச் சௌகரியம். பல ரவுட்டர்களில் அது கம்பெனியில் இருந்து வரும்போதே ஆன் ஆகியிருக்கும். நீங்கள் எதையும் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்திருக்க வாய்ப்பு உண்டு.

போர்ட் திறந்தும் வேலை செய்யலையே, ஏன்?

இந்தியாவில் பலர் வேறொரு சிக்கலில் மாட்டுகிறார்கள். ரவுட்டரில் எல்லாம் சரியாகச் செய்தும் வெளியில் இருந்து சர்வர் திறக்காது. காரணம், சிஜிநாட். ஐபிவி4 முகவரிகள் பற்றாக்குறையால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. அபார்ட்மென்ட்டுக்கு ஒரே கேட் இருப்பது போல. உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தாலும், கேட்டில் நிற்கும் காவலருக்கு எந்த வீடு என்று தெரியாது.

ரவுட்டர் பக்கத்துக்குள் போய் அங்கே காட்டும் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64-ல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இந்த முகவரிகளை இதற்கென்றே 2012-ல் ஒதுக்கினார்கள். சில நிறுவனங்கள் வேறு தனியார் முகவரிகளையும் பயன்படுத்துவதால், கூகுளில் 'என் ஐபி' என்று தேடி வரும் முகவரியும் இதுவும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

கூடுதல் பணம் கட்டினால் நிலையான பொது ஐபி தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் படம் பார்க்க மட்டும் அதை வாங்குவது தேவையில்லாத செலவு.

சரி, அப்போ என்னதான் வழி?

கதவைத் திறக்காமல், உங்கள் கருவிகளுக்கு மட்டும் தெரிந்த சுரங்கப்பாதை ஒன்றைப் போடுவது. அதுதான் விபிஎன். வேறு நாட்டு ஓடிடி பார்க்க விளம்பரத்தில் வரும் விபிஎன்னோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உங்கள் இணையப் போக்குவரத்து வேறு யாருடைய சர்வர் வழியாகவோ போகும். இங்கே உங்கள் மொபைலும் உங்கள் வீட்டு சர்வரும் மட்டுமே பேசிக்கொள்ளும்.

இதற்கு இன்று பெரும்பாலானோர் பயன்படுத்தும் தொழில்நுட்பம் வயர்கார்டு. 2020-ல் லினக்ஸின் மையத்திலேயே, 5.6 பதிப்பில், சேர்க்கப்பட்டது. சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. 'பாஸ்வேர்டு தவறு' என்றுகூடச் சொல்லாது. தட்டுபவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

பொது ஐபி இருப்பவர்கள் வயர்கார்டை நேரடியாக வீட்டில் நிறுவலாம். சில ரவுட்டர்களில் அது உள்ளேயே இருக்கும். சிஜிநாட்டில் இருப்பவர்களுக்கும், கமாண்ட் தட்டிப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் எளிதான வழி டெயில்ஸ்கேல். உள்ளே ஓடுவது அதே வயர்கார்டுதான். சாவிகளைப் பரிமாறும் வேலையை மட்டும் டெயில்ஸ்கேல் கவனித்துக்கொள்ளும். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் உண்டு.

டெயில்ஸ்கேல் போடுவது எப்படி?

முதலில் சர்வராக இருக்கும் கம்ப்யூட்டரில் டெயில்ஸ்கேலை நிறுவுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக், ராஸ்பெர்ரி பை, சினாலஜி, கியூநாப் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட் அல்லது ஆப்பிள் கணக்கில் லாகின் செய்ய வேண்டும். அடுத்து மொபைலில் அதே ஆப்பை இறக்கி, அதே கணக்கில் நுழையுங்கள். இரண்டு கருவிகளும் பட்டியலில் தெரியும். சர்வருக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைத்திருக்கும்.

ஜெல்லிஃபின் ஆப்பில் சர்வர் முகவரி கேட்கும் இடத்தில் அந்த எண்ணைப் போட்டு, ஒரு முக்காற்புள்ளி வைத்து 8096 என்று சேர்த்தால் வேலை முடிந்தது. ரவுட்டரைத் தொடவே வேண்டாம். பிரவுசரில் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று காட்டும். பயப்பட வேண்டாம். பிரவுசருக்கு வெளியே ஓடும் சுரங்கப்பாதை அதற்குத் தெரியாது. தகவல் முழுக்க மறையாக்கத்தோடுதான் போகிறது.

ஜெல்லிஃபினின் நெட்வொர்க் செட்டிங்கில் வெளியில் இருந்து இணைவதற்கான அனுமதி அணைந்திருந்தால், இந்த முகவரியையும் அது வெளியாள் என்று நினைத்துத் தடுக்கலாம். இணைப்பு வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, கம்ப்யூட்டர் தானாகத் தூங்கப் போகாதபடி ஸ்லீப் செட்டிங்கை மாற்றி வையுங்கள். பாதி நேரம் 'வேலை செய்யலை' என்று வரும் புகாருக்குக் காரணம் இவ்வளவுதான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவியும் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். மொபைல் என்றால் மறுபடி லாகின் செய்துகொள்ளலாம். நீங்கள் துபாயில் இருக்கும்போது மதுரை வீட்டில் இருக்கும் சர்வரின் சாவி காலாவதியானால், அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக் கொடுக்க வேண்டி வரும். நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. ஊருக்குக் கிளம்பும் முன் செய்துவிடுங்கள்.

துபாய் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்பது சரியல்ல. ஆனால் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றிப் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் சிறையும் சட்டத்தில் உண்டு. அங்கே இருப்பவர்கள் விதியைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது.

டிவியில் பார்க்க முடியுமா?

ஆண்ட்ராய்டு டிவி, ஆப்பிள் டிவி இரண்டுக்கும் டெயில்ஸ்கேல் ஆப் இருக்கிறது. சாம்சங், எல்ஜி டிவிகளின் சொந்த இயங்குதளத்தில் இல்லை. தாத்தா வீட்டில் அப்படி ஒரு டிவி இருந்தால், ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்றை மாட்டிவிடுவதுதான் தலைவலி இல்லாத தீர்வு.

வேகத்தைப் பொறுத்தவரை, இங்கே முக்கியம் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம். டவுன்லோடு 100 இருந்தும் அப்லோடு 5 எம்பிபிஎஸ் என்றால் முழு எச்டி படம் திக்கும். சாதாரண முழு எச்டி கோப்புக்கு 8 முதல் 10 எம்பிபிஎஸ் இருந்தால் ஓரளவு போதும். 4கே ப்ளூரே நகலுக்கு 50-க்கு மேல் கேட்கும். இரண்டு பக்கமும் நேரடியாக இணைய முடியாதபோது டெயில்ஸ்கேல் தன்னுடைய இடைநிலை சர்வர் வழியாக அனுப்பும். அப்போது வேகம் இன்னும் குறையும். மறையாக்கம் அப்படியே இருக்கும், நடுவில் யாரும் பார்க்க முடியாது.

சொந்த டொமைன் வைத்துத் திறக்கலாமா?

சொந்தமாக டொமைன் வாங்கி, எச்டிடிபிஎஸ் சான்றிதழ் போட்டு, நடுவில் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை நிறுத்தித் திறப்பவர்கள் இருக்கிறார்கள். ஆப் எதுவும் போடாமல் எந்த பிரவுசரிலும் திறக்கும் என்பது இதில் வசதி. ஆனால் எச்டிடிபிஎஸ் காப்பாற்றுவது வழியில் போகும் தகவலை மட்டும்தான். லாகின் பக்கம் இன்னமும் உலகத்துக்கே தெரியும். ஜெல்லிஃபினில் நாளை ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், நீங்கள் அப்டேட் செய்யும் வரை அது திறந்த வாசல்தான். தினமும் கவனித்துப் பராமரிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கே இந்த வழி. கிளவுட்ஃபிளேர் டனல் வழியாகப் படம் ஓட்டும் யோசனையும் சுற்றி வருகிறது. அந்த நிறுவனத்தின் விதிகளில் வீடியோவுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அதை நம்பி இறங்க வேண்டாம்.

சுரங்கப்பாதை போட்டாச்சு, இனி நிம்மதியா?

இனி உங்கள் கூகுள் கணக்குதான் வீட்டுச் சாவி. டெயில்ஸ்கேலில் அந்தக் கணக்கில்தான் நுழைந்திருக்கிறீர்கள். அதற்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் மேலே செய்தது எல்லாம் வீண். ப்ளெக்ஸிலேயே தொடர்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். 2022 ஆகஸ்டிலும் 2025 செப்டம்பரிலும் ப்ளெக்ஸ் பயனர்களின் மின்னஞ்சல், மறையாக்கம் செய்யப்பட்ட பாஸ்வேர்டு ஆகியவை கசிந்து, எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னது அந்த நிறுவனம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. அட்மின் கணக்கில் படம் பார்க்காதீர்கள். பார்ப்பதற்கு ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு போடுங்கள். ஜெல்லிஃபினில் ஒரு கணக்கு வெளியில் இருந்து நுழையக் கூடாது என்று தடுக்கும் வசதி உண்டு. அட்மின் கணக்குக்கு அதைப் போட்டுவிட்டால், வீட்டு வைஃபையில் இருந்தால் மட்டுமே சர்வர் செட்டிங்கை மாற்ற முடியும். வீடியோ கோப்புறைக்குப் 'படிக்க மட்டும்' என்ற அனுமதியைக் கொடுங்கள். சர்வர் யார் கையிலாவது மாட்டினாலும் கல்யாண வீடியோவை அழிக்கவோ பூட்டவோ அது தடையாக இருக்கும்.

லாஸ்ட்பாஸ் சம்பவத்தில் படம் ஓடிய கம்ப்யூட்டரிலேயே அலுவலக லாகினும் நடந்தது. வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்கள், ஆபீஸ் லேப்டாப்பில் மீடியா சர்வர் போடவே கூடாது. ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாம் அதே ஹார்ட் டிஸ்கில் கிடந்தால் அவற்றை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அப்டேட் வந்தால் 'அப்புறம்' என்று தள்ளாமல் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கதவு மூடியிருக்கிறதா, எப்படிப் பார்ப்பது?

மொபைலில் வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாறுங்கள். டெயில்ஸ்கேலையும் அணைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பொது ஐபி முகவரியோடு 8096 அல்லது 32400 சேர்த்து பிரவுசரில் திறந்து பாருங்கள். எதுவும் வரக் கூடாது. லாகின் பக்கம் வந்தால் ரவுட்டரில் பழைய போர்ட் ஃபார்வர்டிங் விதி இன்னும் இருக்கிறது, அல்லது யூபிஎன்பி ஆன் ஆகியிருக்கிறது. இரண்டையும் நீக்கி, ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு மறுபடி பாருங்கள். ஐபிவி6 உள்ள இணைப்பு என்றால் ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வாலும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைத்துவிடும் என்பதால் சிஜிநாட் என்ற தடுப்பு அங்கே இருக்காது.

மொபைல் தொலைந்துவிட்டால், வேறு எந்த கம்ப்யூட்டரில் இருந்தும் டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, கருவிகள் பட்டியலில் இருந்து அந்த மொபைலை நீக்கிவிடலாம். அதே மொபைலில் கூகுள் கணக்கும் திறந்திருக்கும் என்பதால், அதையும் அங்கிருந்து வெளியேற்றி பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடுங்கள்.